பாட்டி போட்ட முடிச்சு

இன்று காலையில் நீங்கள் காப்பி போட்டீர்களே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

“இது என்ன கேள்வி? குழாயிலிருந்துதான்!” என்பீர்கள். சரி, குழாய்க்கு எங்கிருந்து வந்தது? “மாடியில் இருக்கும் தொட்டியிலிருந்து.” தொட்டிக்கு? இந்த இடத்தில்தான் நம்மில் பலர் திருதிருவென்று விழிப்போம். பால் எந்தக் கடையில் வாங்கியது, காப்பிப் பொடியில் சிக்கரி எவ்வளவு என்பதெல்லாம் நமக்கு அத்துபடி. தண்ணீரின் பூர்வோத்தரம் மட்டும் தெரியாது.

என் பாட்டிக்குத் தெரிந்திருந்தது. கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு சின்னக் கிராமம் அவளுடையது. வீட்டுக் கொல்லையில் ஓர் உறைக்கிணறு. அதன்மேல் கிரீச் கிரீச்சென்று பாடும் ஒரு ராட்டினம். அதில் ஒரு தாம்புக் கயிறு. ஒவ்வொரு வருஷமும் சித்திரை பிறந்ததும் பாட்டி வாளியை மெதுவாக இறக்குவாள். வாளி தண்ணீரைத் தொட்டதும் கயிற்றைப் பிடித்து நிறுத்தி, கிணற்று விளிம்புக்கு நேராக அதில் ஒரு பழம்புடவைக் கிழிசலைக் கட்டி முடிச்சுப் போடுவாள். பிறகு போன வருஷத்து முடிச்சுக்கும் இந்த வருஷத்து முடிச்சுக்கும் நடுவே முழம் போட்டுப் பார்ப்பாள்.

“எதுக்குப் பாட்டி இது?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“கணக்கு, கண்ணு. விருந்தாளி சொல்லிக்கொண்டு போவான். தண்ணீர் சொல்லிக்காம போயிடும். நாமதான் கணக்கு வெச்சுக்கணும்” என்றாள்.

அப்போது சிரித்துவிட்டு ஓடிவிட்டேன். தஞ்சைத் தரணியின் தண்ணீரைப் பற்றி இன்று எழுத உட்காரும்போது, அந்தக் கிழிந்த துணி முடிச்சுதான் கண்முன் நிற்கிறது.

காவேரி ஓடாத நாளில்

காவேரி டெல்டா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஆறுதான். ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணை திறந்தார்களா, குறுவைக்குத் தண்ணீர் கிடைக்குமா, சம்பா பிழைக்குமா என்பதுதான் பேச்சு. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று காதோலை கருகமணியும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டு, சித்ரான்னம் கட்டிக்கொண்டு கரைக்குப் போவதும் அந்த ஆற்றுக்குத்தான்.

ஆனால் ஆற்றில் வருஷம் முழுவதும் தண்ணீர் ஓடுவதில்லையே! மாசி, பங்குனியில் காவேரி வற்றி, வெறும் மணலாகக் கிடக்கும். அந்த நாட்களிலும் டெல்டாவில் அடுப்பு எரிந்தது, சோறு வெந்தது. எப்படி? பெண்கள் ஆற்று மணலில் இறங்கிக் கையால் தோண்டுவார்கள். இரண்டு முழம் தோண்டினால் ஊற்று சுரக்கும். கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவார்கள். கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர்! ஆறு மேலே வற்றினாலும் மணலுக்குள்ளே வற்றவில்லை. அந்த மணல்தான் கரையோரத்துக் கிணறுகளுக்கெல்லாம் தாய்.

அதற்கும் கீழே ஒரு பெரிய சேமிப்பு இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் போகிற சாலையில் வல்லத்தருகே செம்மண் மேட்டைப் பார்த்திருப்பீர்கள். ‘கடலூர் மணற்பாறை’ என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் பெயரிட்டிருக்கும் பாறை அங்கே தலைகாட்டுகிறது. அது கடலை நோக்கிச் சாய்ந்து, வண்டல் மண்ணுக்கு அடியில் ஆழமாகப் போகிறது. மேட்டில் பெய்த மழை அந்தப் பாறை வழியே மெல்ல மெல்ல இறங்கி, நாம் காணாத ஆழத்தில் தேங்கி நிற்கிறது.

கடலோரத்துக்குப் போனால் இன்னொரு அதிசயம். அங்கே நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்குமேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது ஆராய்ச்சியாளர்கள் கண்ட கணக்கு. நல்ல செய்திதான். ஆனால் மேலே 1 அடி குறைந்தால்? கீழேயிருந்து 40 அடி உப்பு ஏறும்! பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, காப்பி திரிந்துபோகும். விஞ்ஞானிக்கு முன்னால் சமையலறையில் இருப்பவளுக்குத்தான் அது முதலில் தெரியும்.

இத்தனை தண்ணீருக்கும் நடுவிலே, அடியிலே, பழுப்பு நிலக்கரியும் எரிவாயுவும் எண்ணெயும் இருக்கின்றன. இதுதான் தஞ்சைத் தரணியின் அதிர்ஷ்டமும் சங்கடமும். மூன்று மாடி வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேல் மாடியிலும் கீழ் மாடியிலும் தண்ணீர் குடியிருக்கிறது. நடு மாடியில் நிலக்கரி. நடு மாடிக்காரரை மட்டும் வெளியே இழுத்துக்கொண்டு வரலாம், மற்றவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றால் நம்புவீர்களா?

தண்ணீர் தேடியவருக்குக் கிடைத்த கரி

அந்த நடு மாடிக்காரரை வெளியே இழுத்த ஊர் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே, கடலூர் மாவட்டத்து நெய்வேலி.

அந்தக் கதையின் ஆரம்பமே வேடிக்கையானது. 1930-களின் நடுவில், ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சுவான்தார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் குழாய் இறக்கினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி! தண்ணீரைத் தேடிப் போனவருக்கு நிலக்கரி கிடைத்தது. பிற்பாடு நிலக்கரியைத் தேடிப் போனவர்களுக்குத் தண்ணீர் தடையாக நின்றது. 1956-ல் நெய்வேலி நிலக்கரிக் கார்ப்பொரேஷன் ஏற்பட்டு, 1957 மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது.

நடுவில் நாலு வருஷம் போனதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். கரிப் படுகைக்கு அடியில் ஊற்று நீர் அடைபட்டு, மேலே கிளம்பத் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அதன் அழுத்தம். உங்கள் பிரஷர் குக்கர் விசில் அடிக்கிறபோது உள்ளே இருப்பது ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் என்று சொன்னால், இது எத்தனை பெரிது என்று விளங்கும். மேலே உள்ள மண்ணையும் கரியையும் எடுத்தால், அடியிலிருக்கும் தண்ணீர் சுரங்கத்தின் தரையையே பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும். ஆகவே சுற்றிலும் ஆழ்குழாய்கள் இறக்கி, இரவும் பகலும் தண்ணீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே கரி வெட்டினார்கள். இன்றும் அப்படித்தான். ஒரு டன் கரி எடுக்கப் பல டன் தண்ணீரை இறைக்க வேண்டியிருக்கிறது.

நெய்வேலியின் பெருமையை நான் குறைக்கவில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிந்ததும், பிள்ளைகள் படித்ததும் அந்தக் கரியினால்தான். இறைத்த தண்ணீரும் முழுக்க வீணாகவில்லை. அனல் மின் நிலையங்களுக்குப் போயிற்று. வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிகளுக்குப் போய் வயல்களுக்குப் பாய்ந்தது. 2004-ல் வீராணம் குழாய் சென்னைக்கு வந்தபோது, நெய்வேலிப் பக்கத்து ஆழ்குழாய்களிலிருந்தும் தலைநகரத்துக்குத் தண்ணீர் வந்தது. சென்னைச் சகோதரிகளே, உங்கள் வீட்டு விளக்கில் மட்டுமல்ல, உங்கள் காப்பியிலும் ஒரு பங்கு நெய்வேலி மண்ணுடையது!

ஆனால் பாருங்கள், அந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்தது. பிறகு அது நின்றது. ஊற்று நின்றது, கிணறு இறங்கிற்று, ஆழத்துக்குமேல் ஆழம் போக வேண்டியதாயிற்று என்று சுற்றுப்புறத்து விவசாயிகள் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். விவசாய மோட்டார்களும்தானே உறிஞ்சுகின்றன என்ற வாதமும் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கிராமத்துக் கிணற்றில் குறைந்த தண்ணீர், வேறொரு கிராமத்து ஏரியில் நிரம்பினால், அது ஈடு ஆகுமா? கணக்குப் புத்தகத்தில் ஆகலாம். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு ஆகாது.

கிணறு மட்டுமல்ல, ஆறும் இடம் மாறவேண்டி வந்தது. 2023 ஜூலையில், சுரங்க விரிவுக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிட வளையமாதேவியில் கால்வாய் வெட்டினார்கள். நெற்பயிர் நின்ற வயலில் யந்திரங்கள் இறங்கின. நிலம் எப்போதோ கையகப்படுத்தியதுதான் என்றது நிறுவனம். ஆனாலும் நின்ற பயிர் மண்ணோடு மண்ணாகும் காட்சியைப் பார்த்தவர்கள் மனம் பதறினார்கள். விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போயிற்று.

காற்றுக்காகத் தண்ணீரை இறைப்பது

நெய்வேலி பக்கத்து வீட்டுக் கதை. நம் வீட்டு வாசலுக்கே வந்த கதை மன்னார்குடியில் நடந்தது.

மன்னார்குடிப் பக்கத்துப் பூமியிலும் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. ஆனால் மிக ஆழத்தில். அந்தக் கரியை அப்படியே விட்டுவிட்டு, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் மீத்தேன் வாயுவை மட்டும் எடுக்க ஒரு திட்டம் வந்தது. 2010-ல் ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டர் அதற்கென்று ஒதுக்கப்பட்டது.

“வாயுதானே? அதற்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?” என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம். கரியின் இண்டு இடுக்குகளில் மீத்தேனைப் பிடித்து வைத்திருப்பதே தண்ணீரின் அழுத்தம்தான். தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் வாயு விடுபட்டு மேலே வரும். அதாவது வாயுக் கிணறு தோண்டுகிறவர் முதலில் தண்ணீர்க் கிணறுதான் தோண்டுகிறார். மாதக் கணக்கில், சில இடங்களில் வருஷக் கணக்கில் இறைக்கிறார். அப்படி வெளியே வரும் தண்ணீரும் பெரும்பாலும் உப்பு கலந்தது. வயலில் விட முடியாது. அடியில் தண்ணீர் குறைந்தால் கடலோரத்தில் என்ன ஆகும்? அந்த 1 அடி, 40 அடிக் கணக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தைத் திண்ணை திண்ணையாகப் போய்ச் சொன்னவர்களில் ஒருவர், பச்சைத் துண்டும் வெண்தாடியுமாக எல்லோருக்கும் பரிச்சயமான இயற்கை விவசாய அறிஞர் நம்மாழ்வார். அந்தப் பிரசாரத்தில் இருந்தபோதே, 2013 டிசம்பர் 30-ந் தேதி, பட்டுக்கோட்டைக்கு அருகே அத்திவெட்டியில் காலமானார். அந்த ஆண்டிலேயே சர்க்கார் திட்டத்தை நிறுத்திவைத்து, நிபுணர் குழு ஒன்றையும் அமைத்திருந்தது. குழுவின் அறிக்கைக்குப் பின், 2015-ல் திட்டத்துக்கு அனுமதி இல்லை என்று தமிழ்நாடு அரசு முடிவு செய்தது.

நிரூபிக்க வேண்டியது யார்?

மன்னார்குடியில் ஒன்றும் தோண்டுவதற்குமுன் தடுத்தாயிற்று. ஏற்கனவே தோண்டிவிட்ட ஊர்களில்? அதற்குக் கதிராமங்கலத்தைப் பார்க்கலாம்.

கும்பகோணத்துக்கு வடகிழக்கே, வனதுர்க்கை கோயிலால் பெயர்பெற்ற ஊர் அது. டெல்டாவின் பல இடங்களைப்போல அங்கும் எண்ணெய்க் கிணறுகளும், வயலுக்கடியில் குழாய்களும் உண்டு. 2017 ஜூன் 30-ந் தேதி ஒரு குழாயில் கசிவு ஏற்பட்டு எண்ணெய் வயலில் பரவியது. ஊர் திரண்டது, போலீஸ் வந்தது, தடியடி, கைது என்று விவகாரம் முற்றியது. பல மாதங்கள் போராட்டம் நீடித்தது.

எண்ணெய்க் கிணறு வந்த பிறகு தங்கள் குடிநீர் நிறம் மாறிவிட்டது, வாடை அடிக்கிறது என்று அந்த ஊர்ப் பெண்கள் சொன்னார்கள். பாட்டில்களில் பிடித்துக் காட்டினார்கள். எண்ணெய் நிறுவனமோ, எங்களால் நிலத்தடி நீருக்குக் கேடு இல்லை என்று மறுத்தது.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. என் கவலை வேறு. “முன்பு இப்படி இல்லை” என்கிறாள் ஒரு பெண்மணி. “முன்பு எப்படி இருந்தது? காட்டுங்கள்!” என்று கேட்டால் அவள் எதைக் காட்டுவாள்? குடித்துத் தீர்த்த தண்ணீரையா? கிணறு தோண்டுகிற கம்பெனியிடம் ரசாயன நிபுணர்கள் இருக்கிறார்கள், யந்திரங்கள் இருக்கின்றன, வக்கீல்கள் இருக்கிறார்கள். அவளிடம் இருப்பதெல்லாம் நாக்கும் ஞாபகமும். நிரூபிக்கிற பாரம் மட்டும் அவள் இடுப்பில்! தண்ணீர்க் குடத்தைச் சுமந்தது போதாதென்று அதையும் சுமக்க வேண்டுமா?

மணலும் கனிமந்தான்

நிலக்கரி, எண்ணெய் என்று பெரிய பெரிய விஷயங்களைப் பேசும்போது, காலடியில் நடப்பதை மறந்துவிடக் கூடாது. ஆற்று மணலையும் நம் சட்டம் கனிமம் என்றே சொல்கிறது; ‘சிறு கனிமம்’ என்று அதற்குப் பெயர். டெல்டாவில் அதிக ஊர்களைத் தொட்ட சுரங்கம் காவேரி, கொள்ளிடத்து மணல் குவாரிதான்.

முன்பு சொன்னேனே, மணல்தான் கிணறுகளுக்குத் தாய் என்று. மணலை அள்ள அள்ள ஆற்றின் படுகை தாழ்கிறது. படுகை தாழ்ந்தால் கரையோரக் கிணற்றின் மட்டமும் சேர்ந்து தாழ்கிறது. வடிகட்டியும் போயிற்று, சேமிப்பும் போயிற்று. கடலுக்கு அருகில் படுகை தாழ்ந்தால் உப்புநீர் ஆற்றுவழியே உள்ளே நுழைகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களுக்குக் குழாயில் வரும் குடிநீர் அந்தக் கொள்ளிடத்து மணலில் ஊறிய தண்ணீர்தான். ராமநாதபுரத்துக்கும் திருச்சிப் பக்கத்துக் காவேரியிலிருந்துதான் போகிறது. மணல் போனால் எத்தனை தூரத்தில் எத்தனை குடம் காலியாகும், பாருங்கள்!

2018 ஆகஸ்ட் 22-ந் தேதி இரவு, முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. ஆர்தர் காட்டன் துரை கட்டிய, 180 வயது தாண்டிய அணை அது. மணல் அள்ளியதுதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். அணையின் முதுமை என்றார்கள் வேறு சிலர். எதுவானாலும், ஆற்றின் அடிவயிற்றைக் கலைத்துவிட்டு அதன்மேல் நிற்கும் கட்டடம் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

காப்பது ஒன்று, ஈடு செய்வது ஒன்று

இத்தனைக்கும் பரிகாரம் என்ன? இரண்டு உண்டு. முதலாவது, கெடாமல் காப்பது. 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டசபை, டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. புதிதாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன் கிணறுகள் தோண்டுவதை அது தடுக்கிறது. ஆனால் சட்டம் வருவதற்குமுன் நடந்துகொண்டிருந்த வேலைகளை அது தொடவில்லை. கதிராமங்கலம்போன்ற ஊர்களின் கேள்வி அப்படியே நிற்கிறது.

சட்டம் வந்த பிறகும் அயர்ந்து தூங்க முடியவில்லை. 2023-ல் மத்திய அரசு ஏலத்துக்கு விட்ட நிலக்கரி வட்டாரங்களில், ஒரத்தநாட்டுப் பக்கத்து வடசேரியும் ஒன்றாக இருந்தது! முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சட்டசபையில் எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் பேசின. ஏப்ரல் 8-ந் தேதி, வடசேரி முதலிய மூன்று வட்டாரங்களும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதாக மத்திய அமைச்சர் அறிவித்தார். சில நாட்களில் வந்த ஆபத்து சில நாட்களில் போயிற்று. ஆனால் அது வருவதற்குமுன் வடசேரியில் எத்தனை வீட்டில் கிணற்றின் ஆழம் எழுதி வைத்திருந்தார்கள்?

இரண்டாவது பரிகாரம், கெட்டுப்போனால் ஈடு செய்வது. இதில் அமெரிக்காக்காரர்கள் நமக்குமுன் அடிபட்டுப் பாடம் கற்றிருக்கிறார்கள். 1977-ல் அவர்கள் நாட்டில் ஒரு சட்டம் வந்தது: மேலே திறந்து வெட்டுகிற நிலக்கரிச் சுரங்கத்தால் ஒருவருடைய தண்ணீர் கெட்டால், சுரங்கக்காரர் மாற்றுத் தண்ணீர் கொடுத்தாக வேண்டும். 1992-ல் பூமிக்கடியில் குடைகிற நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் அதை விரித்தார்கள். அதிலே ஓர் அழகான அம்சம்: பழைய கிணற்றைவிடப் புதிய ஏற்பாட்டுக்குச் செலவு அதிகமானால், அந்த அதிகப்படியும் சுரங்கக்காரர் தலையில்தான். கிணற்றுக்குப் பதில் குழாய் போட்டுவிட்டு, மாதாமாதம் பில்லை உங்களிடம் நீட்ட முடியாது!

பென்ஸில்வேனியா ராஜ்யம் 1994-ல் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. சுரங்கத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட எல்லைக்குள் ஒரு கிணறு கெட்டால், சுரங்கந்தான் காரணம் என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது கம்பெனியின் பாடு. வீட்டுக்காரர் சொன்ன 24 மணி நேரத்துக்குள் தற்காலிகத் தண்ணீராவது வந்தாக வேண்டும். விளைவு என்ன தெரியுமா? தோண்டுவதற்கு முன்பே கம்பெனிக்காரர்கள் வீடுவீடாகப் போய், கிணற்றை அளந்து, தண்ணீரைச் சோதித்து எழுதிக்கொள்கிறார்கள். பாட்டியின் முடிச்சை அங்கே கம்பெனியே போடுகிறது!

நம் நாட்டில் வழி வேறு. 2015-ல் ஏற்பட்ட மாவட்டக் கனிம அறக்கட்டளைகளுக்குச் சுரங்கக்காரர்கள் பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தைச் செலவிட வேண்டிய காரியங்களில் குடிநீருக்கு முன்வரிசையில் இடம். நல்ல ஏற்பாடு. ஆனால் பணம் மாவட்டத்துக்குப் போகிறது. கெட்டுப்போன கிணறோ ஒரு வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. “என் கிணறு போயிற்று, எனக்குத் தண்ணீர் கொடு” என்று அந்த வீட்டுப் பெண் நேராகக் கேட்டு வாங்கும் உரிமை இன்னும் பிறக்க வேண்டும்.

லாரி கிணறு ஆகாது

ஈடு என்பது லேசான வார்த்தை அல்ல. கிணறு போன வீட்டுக்கு லாரியில் தண்ணீர் அனுப்பிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டு மருமகள்களைக் கேட்டால் தெரியும்.

கிணறு எந்த நேரத்திலும் இருக்கும். லாரி வருகிறபோதுதான் வரும். வேலையை விட்டுவிட்டுக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கவேண்டும். முதல் நாள் வராவிட்டால் அன்று குளியல் இல்லை. கிணற்றுத் தண்ணீரை மாடு குடித்தது. அவரைப் பந்தலும் வாழைக்கன்றும் குடித்தன. லாரித் தண்ணீரில் மாட்டுக்குப் பங்கு கிடையாது. மாடு போனால் பால் போகும். பால் போனால் அவள் கையில் புரண்ட நாலு காசும் போகும். ஆகவே ஈடு என்றால் அதே வீட்டுக்கு, அதே அளவுக்கு, எல்லா உபயோகத்துக்கும், கேடு நீடிக்கும் காலம் வரைக்கும் கொடுக்க வேண்டும். தோண்டுவதற்கு முன்பே அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளவும் வேண்டும். தோண்டிய பிறகு கேட்டால் அது மனு. தோண்டுமுன் கேட்டால் அது நிபந்தனை.

நீங்களும் ஒரு முடிச்சுப் போடுங்கள்

“நான் பட்டணத்தில் இருக்கிறேன். கிணறும் இல்லை, கயிறும் இல்லை. நான் என்ன செய்வது?” என்பீர்கள்.

ஊரில் அம்மா இருப்பாள், மாமியார் இருப்பாள், அண்ணன் வீடு இருக்கும். அடுத்த தடவை போகும்போது கிணற்றை அளந்து பாருங்கள். மழைக்குப் பின் தை மாதத்தில் ஒரு தரம், கோடையில் சித்திரையில் ஒரு தரம் போதும். ஒரு நூல்கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, விளிம்பிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். மளிகைக் கணக்கு எழுதுகிற நோட்டானாலும் பரவாயில்லை.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதித்து, அந்தச் சீட்டைப் பத்திரப் பெட்டியில் நிலப் பட்டாவோடு சேர்த்து வையுங்கள். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கும் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரவேண்டும் என்று ஏற்பாடு. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார் என்று விசாரியுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே அந்த அளவுகளைப் படித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு வீட்டுக் கணக்கைப் பொய்யென்று தள்ளிவிடலாம். ஐம்பது வீட்டுக் கணக்கை அப்படித் தள்ள முடியாது.

பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. நெய்வேலி வெளிச்சமும் கொள்ளிடத்து மணலும் எந்தக் கொல்லைக் கிணற்றைத் தாழ்த்திவிட்டு நம்மிடம் வந்தன என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கிணற்றுக்காரிக்கு ஈடு கிடைத்ததா என்று கேட்க வேண்டும். வாங்கியவர்கள் நாமும்தானே!

பாட்டி இப்போது இல்லை. கிணறு இருக்கிறது. ராட்டினத்தைக் கழற்றிவிட்டு மோட்டார் வைத்துவிட்டார்கள். போன சித்திரையில் போயிருந்தபோது, பரணில் தேங்காய்நார் மூட்டைக்குள்ளிருந்து அந்தத் தாம்புக் கயிறு அகப்பட்டது. துணிகள் நைந்து உதிர்ந்துவிட்டன. முடிச்சு இருந்த இடங்களில் கயிறு மட்டும் நெளிந்து கிடந்தது. கீழே கொண்டுவந்து, கொல்லையில் விரித்து, முழம் போட்டேன். கடைசி முடிச்சைவிட தண்ணீர் இப்போது ஆறு முழம் கீழே இருக்கிறது.

இதற்கு யார் பொறுப்பு என்று எனக்குத் தெரியாது. நடுவில் அத்தனை வருஷமும் யாரும் முடிச்சுப் போடவில்லை. அண்ணி ஒரு பழம்புடவையைக் கிழித்துக் கொடுத்தாள். தண்ணீரைத் தொட்ட இடத்தில், இந்த வருஷத்து முடிச்சை நான் போட்டேன்.